நிராகரிப்புப் பதிவேடு

சென்ட்ரிஃபியூஜ் நின்று
மூடியைத் திறக்கிற நொடியிலேயே
தெரிந்துவிடும் எனக்கு.
நல்ல சீரம் வைக்கோல் நிறம்.
கெட்டது நன்னாரி சர்பத்.

பதினோரு வருஷமாக இந்தச் சிவப்போடுதான் மல்லுக்கட்டு.
மெல்லிய ஊசியில் அவசரமாய் இழுத்தால் சிவக்கும்.
ஸ்பிரிட் காய்வதற்குள் குத்தினால் சிவக்கும்.
குலுக்கினால் கேட்கவே வேண்டாம்.
போளூர் கலெக்‌ஷன் சென்டரில்
ஐஸ்கட்டி மேலேயே குழாயைப் படுக்கவைத்து
பஸ் ஏற்றி விடுவார்கள்.
கண்ணமங்கலம் தாண்டுவதற்குள்
அணுக்கள் உடைந்து முடிந்திருக்கும்.

உடைந்த ரத்தம் பொய் சொல்லும்.
அணுவுக்குள் கிடந்த பொட்டாசியம் வெளியே கொட்டி
எழுந்து நடமாடுகிற ஆளை
இதயம் நிற்கப் போகிறவன் என்று எழுதிக்கொடுக்கும்.
அதற்காக என்னிடம் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஊதா மை:
மாதிரி சிதைந்துள்ளது. மீண்டும் எடுத்து அனுப்பவும்.

கத்திரி வெயில் ஏழாம் நாள்.
இரவு ஒன்பதரைக்கும்
பகலெல்லாம் குடித்த சூட்டை
வேலூர்ப் பாறைமலை
ஜன்னல் வழியே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

குழந்தைகள் வார்டு. யஸ்வந்த், மூன்று வயது, பள்ளிகொண்டா.
சர்பத்.
ஸ்டாம்ப்.

பத்தேகாலுக்கு இரண்டாவது குழாய்.
சர்பத்.
போனை எடுத்தேன்.
"ஹெப்சிபா சிஸ்டர், எந்த நம்பர் ஊசி?
கையை எவ்வளவு நேரம் கட்டி வச்சீங்க?
காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?"
அந்த நேரத்தில்
என் குரல் எனக்கே பிடித்திருந்தது.
அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை
அழுது அழுது விக்கலாகியிருந்தான்.

பதினொன்றுக்கு மூன்றாவதை
அவளே கொண்டுவந்தாள்,
லிஃப்டை நம்பாமல் நான்கு மாடியும் படியில்,
முட்டையை ஏந்துவதுபோல் ஏந்தி.
சுழற்றினேன். அவளும் நின்றாள்.
திறந்தால் முதல் இரண்டையும்விடச் சிவப்பு.

ஸ்டாம்புக்குப் போனது கை.

"சார்,
ஒண்ணுக்கும் அவன் இந்த நிறத்துலதான் போறான்."

அந்த மை டப்பாவின் மூடி
எத்தனை நேரம் திறந்தே இருந்ததென்று தெரியாது.
ஊசி உடைக்கவில்லை. படிக்கட்டு உடைக்கவில்லை.
அவனுக்குள்ளேயே, ஓடுகிற ஓட்டத்திலேயே
உடைந்துகொண்டிருந்தது ரத்தம்.
இரண்டு முறை வந்து சொல்லிப் பார்த்தது.
நான் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஊதா மூடிக் குழாயை ஓட்டினேன்: ஹீமோகுளோபின் 4.9.
டாக்டருக்கு ஒரு போன், ரத்த வங்கிக்கு ஒரு போன்.
பன்னிரண்டு மணி வாக்கில்
அம்மாக்காரிக்கு ஞாபகம் வந்ததாம்:
"முந்தாநாளு பொட்டியிலேர்ந்து புதுச்சட்ட எடுக்கசொல்லோ
பாச்ச உருண்டைய மிட்டாயின்னு நென்ச்சி
வாய்ல போட்டுக்கினான் சார்.
துப்பிட்டான்னுதான் நென்ச்சேன்."

பிறவியிலேயே ஒரு நொதி குறைச்சல் அவனுக்கு.
யாருக்கும் தெரியாமல் மூன்று வருஷம்
விளையாடிக்கொண்டிருந்திருக்கிறது.

நான்காம் நாள் மாதிரி வெளிர் ரோஸ்.
ஆறாம் நாள் வைக்கோல்.
அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துத்
தேவைக்கு மேலேயே பார்த்தேன்.

பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது.
ஒற்றைக் கோடு, கீழே எழுத்து தெரிய வேண்டும்,
பக்கத்தில் கையெழுத்து, தேதி. அது விதி.
காரணம்: தவறான சேகரிப்பு, ஹெப்சிபா.
இரண்டு வரியிலும் கோடு போட்டேன்.
கோட்டுக்கு அடியில் அவள் பெயர்
இன்னமும் நன்றாகப் படிக்க முடிகிறது.

இன்று போளூர்ப் பெட்டி. திறந்தால் சர்பத்.
ஸ்டாம்பைத் தொடாமல் முதலில் போன் போட்டேன்:
"பேஷன்ட்டுக்கு ஒண்ணுக்கு என்ன நிறத்துல போகுது?"
எதிர்முனையில் ரொம்ப நேரம் பேச்சில்லை.
பிறகு,
"சார்... அது ஐஸ்தான் சார்.
இன்னிக்கி வேற டப்பா கெடைக்கல."

ஸ்டாம்ப்.